ஒன்பதாம் இலக்க மரம்

வன்னியில் பிறந்து வளர்ந்தவள், அதுவும் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறவள், வீரை மரம் எது என்று தெரியாமல் இருந்தேன் என்பதை முதலிலேயே ஒத்துக்கொண்டுவிடுகிறேன். வீரைப்பழம் தெரியும். ஒவ்வொரு வருடமும் வீதியோரத்தில் சுண்டுக் கணக்கில் வாங்கி, வீடு வந்து சேருவதற்குள் பாதியைத் தின்று முடித்துவிடுவேன். அது எந்த மரத்தில் காய்க்கிறது என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. வேம்பு, மா, பலா, தென்னை, பூவரசு, வேலிக்கு நடுகிற சீமைக்கிளுவை, இவ்வளவுதான் நான் அறிந்த மரங்கள். மிச்சம் எல்லாம் எனக்குப் பற்றை.

வட்டக்கச்சியில் எங்கள் ஒழுங்கையில், எனக்கு இரண்டு வீடு தள்ளி ஓர் அக்கா இருக்கிறார். மலையகத்துத் தோட்டமொன்றில் பிறந்து, ஏழு வயதில் தாய் தகப்பனோடு வன்னிக்கு வந்தவர். கலியாணம் செய்தது யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறிய ஒரு கமக்காரக் குடும்பத்தில். இத்தனை வருடத்தில் எங்களைப்போல ‘ஓம்’ சொல்லப் பழகிவிட்டார். ஆனால் கோபம் வந்தாலோ கண் கலங்கினாலோ பேச்சு நேரே மலைக்கு ஏறிவிடும். அப்படி ஏறிய பேச்சோடுதான் அன்று பின்னேரம் என் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

“டீச்சர், இலையப் படம் புடிச்சா போன் மரத்தோட பேரச் சொல்லுமாமே, மெய்யா?”

“சொல்லுமாம். ஏன் அக்கா?”

“ஒங்க போன்ல அதப் போட்டுக்கிட்டு எங்கூட ஒரு எடத்துக்கு வருவீங்களா? யாருகிட்டயும் சொல்லக்கூடாது.”

உள்ளே கூப்பிட்டுக் கதிரையில் இருத்தித் தேத்தண்ணி கொடுத்தேன். பாதி குடித்த பிறகுதான் விஷயம் வந்தது.

அக்கராயனில், காட்டோரமாக, அவர்களுக்கு ஒரு காணி. கடைசி இடப்பெயர்வில் அதை விட்டுவிட்டு ஓடுகிற அன்று, அக்காவின் கணவர் வீட்டிலிருந்த படங்களையெல்லாம் ஒரு பெயின்ற் வாளியில் போட்டு மூடி, கிடங்கு வெட்டித் தாட்டுவிட்டு வந்தார். “வீரைக்குக் கிட்டத் தாட்டிருக்கிறன்” என்று உழவு மெசின் பெட்டியில் ஏறும்போது சொன்னார். அக்கா அப்போது பிள்ளைத்தாச்சி. பழம் தின்றதைத் தவிர வீரை மரம் எது என்று அவருக்கும் தெரியாது, விசாரிக்கிற நிலையிலும் அவர் இல்லை. சில மாதம் கழித்து, கடற்கரை மணலில், ஷெல் விழுந்து கணவர் செத்துப்போனார். அடையாள அட்டை சட்டைப்பையோடு போனது. சொந்தக்காரர் வீடுகளில் இருந்த படங்களும் ஒன்றும் மிஞ்சவில்லை. காணி இவ்வளவு காலமும் படையினரிடம் இருந்து, கண்ணிவெடி பார்த்து முடித்து, இந்த வருடம்தான் விடுபட்டது.

“மகளுக்கு அவ அப்பா மொகம் தெரியாது டீச்சர்” என்றார் அக்கா. “பதினஞ்சு வயசாகுது. திவசத்துக்குப் படம் இல்லாம வெறும் செவத்துக்கு முன்னால வெளக்கு வைக்கிறோம். அப்பா எப்பிடி இருப்பாருன்னு நேத்தும் கேக்குது.” கோப்பையைக் கீழே வைத்தார். “எனக்கே மறந்து போச்சு. அவர் கொரல் இருக்கு, நடை இருக்கு. மொகத்த நெனச்சா வேற யார் யாரோ வாறாங்க. படம் கெடச்சாலும் எனக்கு அடையாளம் தெரியுமோ என்னமோன்னு பயமா இருக்கு. இத மககிட்ட எப்பிடிச் சொல்றது?”

கோப்பையில் இன்னும் கொஞ்சம் தேத்தண்ணி ஊற்றினேன்.

“வீரை மரம் எது எண்டு ஆரிட்டயும் கேக்கலாமே அக்கா?” என்று கேட்டேன். கேட்டு முடிக்கும்போதே எனக்கு விடை தெரிந்துவிட்டது. விடுபட்ட காணிக்குள் ஒரு மனிசி குறிப்பாக ஒரு மரத்தைத் தேடுகிறாள் என்று தெரிந்தால், பொழுது படுவதற்குள் அது தங்கப் புதையல் ஆகிவிடும். ஊரில் பாதிப் பேர் மண் கிண்ட அலவாங்கோடு வருவார்கள், மிச்சப் பேர் பொலிசுக்குச் சொல்லுவார்கள். சும்மாவும் இருக்க முடியாது. காலபோக விதைப்புக்கு முதல் காணியை வெளியாக்க அக்கா பெக்கோ மெசினுக்குப் பதிந்திருந்தார். முறை எப்போது வரும் என்று தெரியாது. வந்த முறையை விட்டால் இந்தப் போகம் போச்சு. மெசின் மண்ணைப் புரட்டினால் வாளி போச்சு. வாயைத் திறக்காமல் மரத்தைச் சொல்லக்கூடிய ஒரே ஆள் போன்தான்.

அன்றிரவே செயலியை இறக்கினேன். அடுத்த சனிக்கிழமை ஸ்கூட்டியில் இருவரும் புறப்பட்டோம். அலவாங்கை உரப்பையில் சுற்றி அக்கா மடியில் குறுக்கே வைத்திருந்தார். வழியில் கண்டவர்கள் என்ன ஏது என்று கேட்டால் பள்ளிக்கூடத்துக்கு மூலிகை சேகரிக்கப் போகிறோம் என்று சொல்வதாக ஏற்பாடு. அலவாங்கு கொண்டு பிடுங்குகிற மூலிகை எது என்று யாராவது திருப்பிக் கேட்டிருந்தால் மாட்டியிருப்போம்.

காணியைப் பார்த்ததும் என் தைரியமெல்லாம் இறங்கிவிட்டது. வீடு இருந்த இடத்தில் அத்திவாரமும் ஒரு உடைந்த கிணற்றுக் கட்டும். மற்றதெல்லாம் மரம். பழக்காலமும் முடிந்திருந்தது, ஒரு பழமாவது தொங்கினால் நானே சொல்லியிருப்பேன். இணையத்தில் தேடிய வீரையின் விஞ்ஞானப் பெயரை, ட்ரைபீட்டஸ் செப்பியாரியா என்று உள்ளங்கையில் எழுதிக்கொண்டு வந்திருந்தேன். வியர்வையில் அது பாதி அழிந்துவிட்டது. வழி நெடுக மந்திரம் மாதிரிச் சொல்லிச் சொல்லி அக்காவுக்கும் அது பாடம்.

அங்கே சிக்னல் இல்லை. குளக்கட்டுக்குப் போனால் இரண்டு கோடு வரும். ஆகவே இப்படி ஒரு முறை வைத்தோம்: அக்கா தன் பழைய சேலை ஒன்றைக் கிழித்து, மஞ்சள் நிறத்தில் சிவப்புப் பூப் போட்டது, ஒவ்வொரு பெரிய மரத்திலும் ஒரு துண்டைக் கட்டுவார். நான் துண்டில் இலக்கம் எழுதி, இலையைப் படம் பிடிப்பேன். பதினாலு மரம் முடிந்ததும் நான் குளக்கட்டுக்கு ஓடி, போனிடம் கேட்டுக்கொண்டு வருவேன்.

போன் சொன்னதைக் கேட்டால் சிரிப்பீர்கள். முதலாவது மரம் பிரேசில் நாட்டுக்காரராம். மூன்றாவது ஆபிரிக்காவின் மேற்குக் கரையாம். ஐந்தாவதுக்கு, இலை தெளிவில்லை, கிட்டப் போய் எடுங்கள் என்று எனக்கே புத்தி சொன்னது. எட்டாம் படத்தில் காற்றுக்குச் சேலைத் துண்டு குறுக்கே விழுந்திருக்கிறது. அதைப் பார்த்துவிட்டுச் செம்பருத்தி என்று அடித்துச் சொன்னது. எனக்குப் பொறுமை மட்டு. குளக்கட்டில் நின்று போனை வாய்க்கு வந்தபடி ஏசினேன். திரும்பி வந்து சொன்னபோது அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “அது பாவம் டீச்சர், வெளிநாட்டுலேந்து வந்தது. அதுக்கு நம்ம காடு புதுசு” என்று அதற்காகப் பரிந்து பேசினார். வெயில் ஏறியதும் வீட்டுக்கு வந்துவிட்டோம்.

அந்தக் கிழமை முழுக்க வீட்டு முற்றத்து மரங்களில் பரிசோதனை நடத்தினேன். இலையைக் கொப்பில் வைத்து எடுக்கக்கூடாது, ஆய்ந்து ஒரு வெள்ளைக் கொப்பித் தாளில் வைத்து, நிழலில் எடுக்க வேண்டும். மேல்பக்கம் ஒன்று, கீழ்ப்பக்கம் ஒன்று. அடியில் துளிர்த்த குருத்து உதவாது, உயரத்து முற்றிய இலைதான் சரி. இப்படி எடுத்தபோது என் பலாவைப் பலா என்று சொன்னது. தேர்வில் சித்தியடைந்த பிள்ளையைப் பார்ப்பதுபோல எனக்குப் பெருமையாக இருந்தது. மரத்துக்கெல்லாம் அடையாள அட்டை கேட்கிறாய் என்று வீட்டுக்காரர் பகிடி பண்ணினார். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

இரண்டாம் சனிக்கிழமை போனால், ஒன்பதாம் இலக்க மரத்தடியில் ஒரு கல் இருக்கிறது.

சும்மா கல் இல்லை. கழுவி, மூன்று குறி திருநீறு பூசி, சந்தனப் பொட்டும் வைத்து, முன்னால் ஒரு செம்பருத்திப்பூ. கற்பூரம் எரிந்த கறுப்பு. நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்தோம். அந்த நேரம் பார்த்து மாடுகளைச் சாய்த்துக்கொண்டு ஒரு ஐயா வந்தார்.

“பிள்ளையள், நீங்களும் நேத்திக்கடனுக்கோ வந்தனீங்கள்?” என்று கேட்டார். “என்ர சிவலைப் பசு மூண்டு நாளாக் காணேல்லை. தேடிக்கொண்டு இதால வரேக்க பாத்தன், மரமெல்லாம் சீலை. ஆரோ பெரிய நம்பிக்கையில கட்டியிருக்கினம் எண்டு நானும் ஒரு கும்பிடு போட்டன். அண்டைக்குப் பின்னேரமே பசு தானா வந்து படலையடியில நிக்குது. அதுதான் ஒரு கல்லை வச்சனான்.”

“ஏன் ஐயா இந்த மரத்தில?” என்று கேட்டேன்.

“ஒன்பது எண்டு எழுதியிருந்துது. நவக்கிரகம்.”

அவர் மாடுகளோடு குளத்துப் பக்கம் போகும்வரை நானும் அக்காவும் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றோம். போனதும் சிரித்த சிரிப்பில் எனக்கு விக்கல் எடுத்துவிட்டது. பிறகு வேலையைத் தொடங்கினோம். பதினாலு மரத்திலும் கொக்கத்தடியால் உயரத்து இலை பறித்து, வெள்ளைத் தாளில் வைத்து, நிழலில் எடுத்தோம். நான் குளக்கட்டுக்குப் போனேன். பாலை, பாலை, நாவல், கொன்றை என்று போன் இந்த முறை ஒழுங்காகச் சொல்லிக்கொண்டு வந்தது. ஒன்பதாவதுக்குக் கொஞ்சம் யோசித்துவிட்டு, ட்ரைபீட்டஸ் செப்பியாரியா என்றது. அதில் காட்டிய அடிமரப் படமும் அப்படியே, முறுக்கிப் பிழிந்த துணிபோல மடிப்பு மடிப்பாக. பதினாலில் அது ஒன்றுதான் வீரை.

சிக்னல் வந்த இடத்தில் இன்னொன்றும் வந்தது. அக்காவின் காணிக்குத் திங்கட்கிழமை காலமை பெக்கோ என்று, நான் தொடர்புக்குக் கொடுத்திருந்த என் இலக்கத்துக்கே அழைத்துச் சொன்னார்கள்.

ஓடி வந்து இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னேன். உரப்பையை உதறி அலவாங்கை எடுத்தேன். அக்கா அசையவில்லை.

“சாமிக்குக் கீழ கடப்பாறை போட மாட்டேன் டீச்சர்.”

“அக்கா, அது போன கிழமை வாய்க்கால்ல கிடந்த கல்லு! நாங்கள் கட்டின சீலை! நான் எழுதின ஒன்பது!”

“இருக்கட்டும். கும்பிட்டாச்சுன்னா சாமிதான். பசு வந்திச்சே.”

எனக்கு வந்த கோபத்தை இப்போது எழுத வெட்கமாக இருக்கிறது. இரண்டு கிழமையாக வெயிலில் காய்ந்தது, போனிடம் கெஞ்சியது, பொய் சொன்னது எல்லாம் ஒரு கல்லுக்காகப் போகப்போகிறதே என்று கத்தினேன். “நாளண்டைக்கு மெசின் வருது. அதுக்குப் பிறகு மகளுக்கு எந்த முகத்தைக் காட்டப் போறியள்?” என்றும் கேட்டுவிட்டேன். அக்காவின் கண் நிறைந்துவிட்டது. நான் அலவாங்கைக் கீழே போட்டேன். போட்ட சத்தத்துக்குத் திரும்பிப் பார்த்தால், ஐயா ஒரு போத்தல் தண்ணீரும் கையில் நாலு பூவுமாக நிற்கிறார். எவ்வளவு நேரமாக நின்றாரோ.

அலவாங்கைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். “நீங்களும் தாட்டனீங்களோ?” என்று கேட்டார்.

அவ்வளவு காபந்து பண்ணிய இரகசியம் அதோடு முடிந்தது. அக்கா தலையை ஆட்டினார்.

“நான் தண்ணி இறைக்கிற மெசினைத் தாட்டனான்” என்றார் ஐயா. “திரும்பி வந்து கிண்டினா முழுக்கக் கறள் பிடிச்சு உக்கிப்போச்சு. நீங்கள் என்ன தாட்டது?”

“அவரோட படம்” என்றார் அக்கா.

ஐயா தங்கத்தைப் பற்றி ஒரு சொல் கேட்கவில்லை. பூவைக் கல்லுக்கு வைத்துத் தண்ணீரைத் தெளித்துவிட்டு, “ஆளிட்டக் கேளுங்கோ பிள்ளை. கேட்டா விடும்” என்று அக்காவுக்கு வழி விட்டார்.

அக்கா முழங்காலில் இருந்து கும்பிட்டார். “சாமி, கோவிச்சுக்காத. நீ வர்றதுக்கு முன்னாடியே அவரு வந்து வச்சது” என்றார். ஐயா கல்லை இரு கையாலும் தூக்கி, மூன்று எட்டுத் தள்ளி அதே மரத்தின் மறுபக்கம் வைத்தார். கல்லை வைத்தவர் எடுத்தால் குற்றமில்லையாம்.

அடிமரத்தை ஒட்டி நான் அலவாங்கைப் போட்டேன். வேர். தள்ளிப் போட்டேன். வேர். ஐயாவும் போட்டுப் பார்த்தார். அரை மணித்தியாலத்தில் முழங்கையளவு கிடங்குகள் நாலு, நாலிலும் வேர். போன் பிழையாகச் சொல்லிவிட்டது என்று நான் தீர்மானித்துவிட்டேன்.

அக்கா மட்டும் கிடங்கைப் பார்க்கவில்லை. “அவரு வேர வெட்ட மாட்டாரு” என்றார். “கத்தரிக்குக் கொத்துனாக்கூட வேர் படாமத்தான் கொத்துவாரு. உசிரு போற அவசரமா இருந்தாலும் மரத்துக்குப் பக்கத்துல வெட்டியிருக்க மாட்டாரு.” சொல்லிக்கொண்டே எழும்பி, உடைந்த கிணற்றுக்கு அந்தப் பக்கம் போனார். குசினி இருந்த இடம் அது. அங்கே அத்திவாரத்தின்மேல் ஏறி நின்று வீரையைப் பார்த்தார். “நான் அடுப்படியில நின்னா கண்ணுக்குத் தெரியிற பக்கமாத்தான் வச்சிருப்பாரு. எனக்குத்தானே சொன்னாரு.” அங்கிருந்து நேரே நடந்து வந்து, கிளையின் நிழல் முடிகிற இடத்தில் காலால் ஒரு கோடு போட்டார்.

இரண்டாவது குத்திலேயே அலவாங்கு வேறு சத்தம் கொடுத்தது.

நீல வாளி. மூடி தொட்டவுடன் நொறுங்கிவிட்டது. உள்ளே பொலித்தீனால் பல சுற்று. பிரித்தபோது அல்பம் இருந்தது, ஆனால் படங்கள் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே கட்டியாகிவிட்டிருந்தன. ஓரத்தில் ஒன்றை உரித்துப் பார்த்தேன். ஒரு சேலைக் கரை, ஒரு கை, அதற்கு மேல் பச்சையும் ஊதாவுமாகக் கரைந்த நிறம். எல்லாம் அப்படித்தான். அக்கா அழவில்லை. கட்டியை மடியில் வைத்துத் தடவிக்கொண்டு இருந்தார். அதைப் பார்க்கத்தான் எனக்குத் தாங்கவில்லை. ஏதாவது செய்யவேண்டுமே என்று வாளியைக் கவிழ்த்துத் தட்டினேன். அடியிலிருந்து இன்னொரு சிறிய பொட்டலம் விழுந்தது. ஸ்ரூடியோவில் கழுவித் தரும்போது கூடவே தருவார்களே, அந்தப் படச்சுருள் துண்டுகள். கண்ணாடிக் கடதாசி உறையில் ஆறோ ஏழோ. இரண்டு துண்டு நல்லபடி இருந்தன.

வானத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். நகத்தளவு மனிதர்கள், கறுத்த முகம், வெள்ளை முடி. யார் என்று சொல்ல முடியவில்லை. அக்கா பார்க்க மறுத்துவிட்டார்.

திங்கட்கிழமை வந்த பெக்கோக்காரர் சீலை கட்டிய பதினாலு மரத்தில் ஒன்றையும் தொடவில்லை. தனக்குக் குடும்பம் இருக்கிறது என்று சொல்லிவிட்டாராம். அந்தக் காணியில் இப்போது மரங்களைச் சுற்றி வளைந்து வளைந்துதான் உழவேண்டும். அதற்கு இன்றைக்கும் எனக்குத்தான் ஏச்சு.

வாளியைக் கிண்டி எடுத்த அந்தச் சனிக்கிழமை பின்னேரமே படச்சுருளோடு அக்கா வீட்டுக்குப் போனோம். மகள் ரியூசன் முடிந்து வந்து உடுப்பு மாற்றாமல் இருந்தாள். நான் விஷயத்தைச் சொன்னதும் எழும்பி வந்தாள். என் போனின் திரையை முழு வெள்ளையாக்கி மேசையில் வைத்து, துண்டை அதன்மேல் மெதுவாகப் படுக்க வைத்து, தன் போனால் ஒவ்வொன்றாகப் படம் எடுத்தாள். பிறகு நிறத்தைத் தலைகீழாக்கினாள். கறுப்பு முகங்கள் முகங்களாயின.

முதலாவது, கிணற்றடியில் அக்கா. இரண்டாவது, மாட்டோடு அக்கா. மூன்றாவது, குசினி வாசலில் அக்கா. “அம்மா, என்ன வடிவு நீங்கள்!” என்றாள் மகள். அக்கா அடுப்படியில் நின்றபடி, “எப்பவும் என்னையே புடிச்சுக்கிட்டு” என்று முணுமுணுத்தார். திரும்பிப் பார்க்கவில்லை. அடுத்த துண்டில் எல்லாம் வயலும் குவித்து வைத்த நெற்சூடும். ஆள் இல்லை. கடைசி ஒன்று மிச்சம்.

அதில் குளக்கட்டில் நாலு இளந்தாரிகள் தோளில் கை போட்டபடி நின்றார்கள். அறுவடைத் தூசி, பொத்தான் பூட்டாமல் திறந்து கிடந்த சட்டைகள், வெயிலுக்குச் சுருங்கிய கண். நாலு பேரும் கிட்டத்தட்ட ஒரே உயரம், ஒரே நிறம். நான் அந்த மனிதரை ஒருநாளும் கண்டதில்லை. மகள் படத்தைப் பெரிதாக்கி ஒவ்வொரு முகமாகப் போனாள். மறுபடியும் முதலாவதற்கு வந்தாள். பிறகு சின்னக் குரலில் கேட்டாள்.

“அம்மா, இதில அப்பா ஆர்?”

அக்கா அடுப்பைவிட்டு வந்தார். சேலைத் தலைப்பில் கையைத் துடைத்தார், துடைத்த கையைத் திரும்பவும் துடைத்தார். அவர் என்னிடம் சொன்ன பயம் மகளுக்குத் தெரியாது.

குனிந்தார். பார்த்தார். ஒரு நொடிகூட எடுக்கவில்லை, மூன்றாவது ஆளின்மேல் விரலை வைத்தார். வைத்த விரலை எடுக்கவில்லை.

“என்னங்க இது” என்றார், போனைப் பார்த்து. “சட்டையப் பூட்டுங்க. மக பாக்குது.”